காற்று மாறும் மாதம்: பாய்மரப் படகு வாழ்க்கை குறித்த வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், பிஜித் தீவுகளில் 38 அடி நீளமுள்ள பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு நானும் என் கணவரும் மூன்றாவது பருவத்தைக் கழித்து வருவதைப் பற்றி எழுதியிருந்தேன். “அக்டோபர் முடிவதற்குள் ஒரு முடிவெடுக்க வேண்டும்” என்று அக்கட்டுரையை நிறுத்தியிருந்ததால், அது என்ன முடிவு என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒத்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுவதும் வெயில்தானே? அங்கே பருவம் எப்படி ‘முடியும்’? (வாசகி, திருச்சி)

முடிவது வெயில் அன்று, காற்று. மே மாதம் முதல் அக்டோபர் வரை தென் பசிபிக்கில் தென்கிழக்கிலிருந்து ஒரே சீராக வீசும் வணிகக் காற்றை நம்பித்தான் பாய்மரப் படகுகள் தீவுக்குத் தீவு போகின்றன. அக்டோபரில் அந்தக் காற்று தளர்கிறது. காலையில் கடல் கண்ணாடியைப் போலக் கிடக்கும். பிற்பகலில் வீத்தி லெவு தீவின் மலைகள்மேல் கருமேகம் திரளும். கயிற்றில் போட்ட துணி மாலை வரை காயாது. இதற்கிடையில் கடல்நீர் சூடேறிக்கொண்டே வரும். மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 26.5 பாகை செல்சியசைத் தாண்டிவிட்டால், புயல் உருவாவதற்கு வேண்டிய முதல் நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று பொருள். அதனால்தான் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை தென் பசிபிக்கின் புயல் பருவம் என்று வரையறுத்திருக்கிறார்கள்.

அந்த ஆறு மாதமும் புயல் அடித்துக்கொண்டே இருப்பதில்லை. ஒரு புயல்கூட நம் தீவுப் பக்கம் வராத ஆண்டுகளும் உண்டு. ஆனால் வரும் ஆண்டு எது என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. படகுக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பலவும், இந்த மாதங்களில் படகு புயல் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும் அல்லது அவர்கள் ஏற்றுக்கொண்ட முறையில் கரையேற்றிக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகின்றன. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு எதிரே இருப்பவை இரண்டு வழிகள்: தெற்கே நியூசிலாந்துக்கு ஓடுவது, அல்லது இங்கேயே படகை மண்ணில் இறக்கிக் கட்டுவது.

நியூசிலாந்துக்குப் போவதென்றால் நவம்பர் 1-க்கு முன்பே கிளம்பிவிட வேண்டியதுதானே? அதில் முடிவெடுக்க என்ன இருக்கிறது? (வாசகர், சென்னை)

எனக்கு வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். முதல் ஆண்டு நாங்களும் இப்படித்தான் நினைத்தோம்; அந்த நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பிறகுதான் உணர்ந்தோம்.

பிஜியின் லௌடோகா துறைமுகத்திலிருந்து நியூசிலாந்தின் வடகோடியில் உள்ள ஓபுவாவுக்குச் சுமார் 1,080 கடல்மைல். எங்கள் படகு ஒரு நாளில் சராசரியாக 120 கடல்மைல் போகும் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது நாள் பயணம். அந்த ஒன்பது நாளில் நாம் 17 பாகை தென் அட்சத்திலிருந்து 35 பாகைக்கு இறங்குகிறோம். அதாவது வெப்பமண்டலத்தை விட்டு, குளிர்ந்த தென்கடலின் வானிலைக்குள் நுழைகிறோம். அங்கே உயர் காற்றழுத்தப் பகுதிகள் ஆஸ்திரேலியாவிலிருந்து கிழக்கு நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வருகின்றன. ஓர் உயர் அழுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு தாழ்வு வரும். முதலில் வடமேற்குக் காற்று வலுக்கும், பிறகு ஒரு மழைவரிசை கடந்ததும் சட்டென்று குளிர்ந்த தென்மேற்குக் காற்று நேர் எதிரே முகத்தில் அடிக்கும். இந்தச் சுழற்சி ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு ஒன்று. நம் பயணமோ ஒன்பது நாள். ஆகவே வழியில் இப்படிப்பட்ட ஒரு மாற்றத்தையாவது சந்தித்தே ஆக வேண்டும். அதை எந்த அட்சத்தில் சந்திப்பது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. 30 பாகைக்கு வடக்கே சந்தித்தால் பெரும்பாலும் பாயைச் சுருக்கி ஓரிரவைத் தாங்கிக்கொள்ளலாம். நியூசிலாந்துக் கரையை நெருங்கும்போது சந்தித்தால் அது வேறு அனுபவம்.

ஆகவே தேதி வேண்டுமானால் நம்மைத் துரத்தலாம். புறப்படும் நாளைச் சொல்வது வானிலைதான். வானூர்திப் பயணச்சீட்டு எடுத்துவிட்டோம், ஓபுவாவில் உறவினர் காத்திருக்கிறார்கள், உடன் வர ஒப்புக்கொண்ட நண்பரின் விடுப்பு முடிகிறது என்பவற்றுக்காகப் புறப்படுகிறவர்கள்தான் மிகுதியாகச் சிக்குகிறார்கள். முதல் ஆண்டு எங்களுடன் வருவதாக இருந்த நண்பருக்குப் பதினைந்து நாள் விடுப்புதான் இருந்தது. அதில் பதினொரு நாள் லௌடோகாவிலேயே கழிந்தது. அவர் வருத்தத்துடன் ஊர் திரும்பினார். நாங்கள் இருவர் மட்டும் நவம்பர் 6 அன்று கிளம்பினோம். அந்தப் பதினொரு நாளில் ஒரு நாள்கூட வீண் போனதாக நான் இன்றும் கருதவில்லை.

வழியில் காத்திருக்க ஓர் இடமும் உண்டு. தொங்காவிலிருந்து வருகிறவர்களும் கிழக்கு பிஜியிலிருந்து கிளம்புகிறவர்களும் மினர்வா பவளத்திட்டில் நங்கூரமிட்டுக் காத்திருப்பார்கள். 23 பாகை தென் அட்சத்தைத் தாண்டி, நாற்புறமும் கரையே தெரியாத நடுக்கடலில், சுமார் 5 கி.மீ. குறுக்களவில் வளையம்போல அமைந்த திட்டு அது. நீரேற்றத்தின்போது வளையம் முழுவதும் மூழ்கிவிடும். வெண்மையாக உடையும் அலைகள் மட்டுமே எல்லையைக் காட்டும். மரமில்லை, மண்ணில்லை, ஆனால் உள்ளே நங்கூரம் பிடிக்கிறது.

எங்கள் குடும்பத்தினர் மீன்பிடி விசைப்படகு வைத்திருக்கிறார்கள். தென்கோளத்தில் புயல் மறுபக்கமாகச் சுற்றும் என்பது உண்மையா? படகில் இருப்பவருக்கு அதனால் என்ன வேறுபாடு? (வாசகர், நாகப்பட்டினம்)

உண்மைதான். வங்கக் கடலில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். இங்கே முள்ளோடு சுற்றும். வங்கக் கடலில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் இடக்கைப் பக்கம் இருக்கும். பிஜியில் அப்படி நின்றால் வலக்கைப் பக்கம் இருக்கும். புயல் நகரும் திசையை நோக்கி நின்றால், உங்கள் கடலில் அதன் வலப்பாதி கொடியது. இங்கே இடப்பாதி கொடியது. அந்தப் பாதியில் சுழற்சியின் வேகத்தோடு புயல் நகரும் வேகமும் சேர்ந்துகொள்வது மட்டுமன்றி, காற்றே படகைப் புயலின் பாதைக்குள் தள்ளும்.

இன்னொன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும்; கடல் தெரிந்தவராகையால் உடனே புரிந்துகொள்வீர்கள். ஆறு மாதமாக நாங்கள் நிம்மதியாக உறங்கிய நங்கூரத்துறைகள் எல்லாம் தென்கிழக்குக் காற்றுக்கு மறைவானவை. அதாவது மேற்கிலும் வடக்கிலும் திறந்தவை. புயல் வரும்போது காற்று அந்தத் திறந்த பக்கத்திலிருந்தும் அடிக்கும். நமக்குப் பழகிய துறை அந்த ஓரிரவில் பொறியாகிவிடும்.

பிஜியிலேயே தங்குகிறவர்கள் படகைப் ‘புதைக்கிறார்கள்’ என்று படித்தேன். எப்படி? (வாசகி, கோயம்புத்தூர்)

புதைப்பது என்ற சொல் முற்றிலும் பொருந்தாவிட்டாலும், பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். சென்ற ஆண்டு நாங்கள் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

லௌடோகாவுக்குத் தெற்கே வுந்தா என்ற இடத்தில் வட்டமாக வெட்டிய ஒரு படகுத்துறை இருக்கிறது. பவளத்திட்டை ஊடறுத்துச் செல்லும் குறுகிய கால்வாய் வழியாக உள்ளே போக வேண்டும். அதன் கரையில் நீண்ட குழிகள் வெட்டியிருக்கிறார்கள். பாய்மரப் படகின் அடியில் கனமான ஒரு தகடு கீழ்நோக்கி நீண்டிருக்கும்; கீல் என்பார்கள். படகைப் பாரந்தூக்கியில் இரண்டு பட்டைகளால் தாங்கித் தூக்கி, கரையில் நகர்த்திக் கொண்டுவந்து, அந்தக் கீல் மட்டும் குழிக்குள் இறங்குமாறு மெல்ல இறக்குவார்கள். குழியின் விளிம்பில் பழைய வண்டிச் சக்கர டயர்களை அடுக்கியிருப்பார்கள். படகின் வயிறு அவற்றின்மேல் அமரும். பிறகு தரையில் பதித்த நங்கூரங்களோடு படகைப் பட்டைகளால் இழுத்துக் கட்டுவார்கள்.

எங்கள் படகு நீரிலிருந்து எழுந்த கணத்தை மறக்க முடியாது. ஆறு மாதம் நாங்கள் உறங்கி, சமைத்து, சண்டையிட்டுச் சமாதானமான வீடு, நீர் சொட்டச் சொட்ட அந்தரத்தில் தொங்கியது. அடிப்பாகத்தில் பச்சைப் பாசியும், சுக்கானின் அடியில் நம் மீனவர்கள் கொட்டலசு என்று சொல்லும் ஓட்டுயிரியும் ஒட்டியிருந்தன. வெயில் பட்ட அரைமணியில் அவை நாறத் தொடங்கின. கீல் குழிக்குள் இறங்கும்போது, முட்டுக்கொடுத்திருந்த டயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமுங்கி முனகின. என் கணவர் படகைத் தொட்டுக்கொண்டே நடந்தார். பாரந்தூக்கியை இயக்கியவர் அவரை இருமுறை விலகி நிற்கச் சொன்னார்.

இவ்வளவு பாடு எதற்கென்றால், கரையில் முட்டுக்கம்புகளின்மேல் நிறுத்திய படகு, பலத்த காற்றில் அதிரும்போது முட்டு நழுவிச் சாயக்கூடும். ஒன்று சாய்ந்தால் அடுத்ததன்மேல் விழும். குழியில் உள்ள படகு தாழ்வாக இருக்கிறது, விழுவதற்கு இடமில்லை. 2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல் பிஜியைத் தாக்கி 44 பேரைப் பலிகொண்டது. ஐந்தாம் வகைப் புயலான அதில், சவுசவு துறையில் மிதவைகளில் கட்டியிருந்த படகுகள் பல அறுத்துக்கொண்டு கரையில் மோதின. அதை நேரில் கண்டவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு மாலைப் பொழுது பேசிவிட்டால் குழிக்கான கட்டணத்தைப் பற்றி யாரும் முணுமுணுக்கமாட்டார்கள்.

குழியில் இறக்கியபிறகு, காற்றுக்குப் பிடிகொடுக்கும் எதையும் மேலே விடக்கூடாது. பாய்கள், நிழல்துணிகள், காற்றாலை, கயிறுகள் எல்லாம் இறங்க வேண்டும். பாயை நன்னீரில் அலசிக் காயவைக்காமல் மடித்தால் பூஞ்சை பிடித்துவிடும். அக்டோபர் ஈரத்தில் அதற்கே ஐந்து நாள் ஆயிற்று. எந்திரத்தில் நன்னீர் ஓட்டி உப்பைக் கழுவினோம். டீசல் தொட்டியில் ஈரம் படியாதிருக்க விளிம்புவரை நிரப்பினோம். மேல்தட்டின் வடிகால் துளைகளை மட்டும் திறந்து வைத்தோம். அவை இலையால் அடைபட்டால், புயலே இல்லாமல் மழைநீர் மட்டுமே உள்ளே புகுந்து படகைக் கெடுத்துவிடும்.

வேலை முடியும்வரை படகிலேயே தங்கினோம். கடலில் இருக்கும்போது பாத்திரம் கழுவிய நீர் தானாகக் கடலுக்குப் போய்விடும். கரையில் அதைப் பிடிக்க வெளியே வாளி வைக்க வேண்டும். எங்கள் குளிர்பெட்டி கடல்நீரால் குளிர்விக்கப்படுவது. ஆகவே அதுவும் ஓடாது. கழிவறைக்கு இரவில் ஏணி இறங்கி நடக்க வேண்டும். கட்டிய பட்டையையே பாலமாக்கி எறும்புகள் மூன்றாம் நாள் உள்ளே வந்துவிட்டன. ஆனால் எல்லாவற்றையும்விட உறக்கத்தைக் கெடுத்தது வேறொன்று: படுக்கை அசையவில்லை.

சமையலறையில் மிச்சமிருக்கும் பொருள்களை என்ன செய்வீர்கள்? (வாசகி, மதுரை)

நியூசிலாந்து போவதென்றால் அக்டோபர் தொடக்கத்திலிருந்தே சரக்கைக் குறைத்துக்கொண்டு வருவேன். அங்கே உயிர்ப்பாதுகாப்பு விதிகள் மிகக் கடுமையானவை. தேனை எடுத்துச் செல்லக்கூடாது. பழம், காய்கறி, கறிவேப்பிலை எதுவும் கரையேறாது. முளைக்கக்கூடிய விதை எதுவாயினும் அதிகாரியிடம் காட்ட வேண்டும். ஆகவே கடைசி வாரத்தில் எங்கள் படகில் சுண்டலும் முளைகட்டிய பயறும் மாறி மாறி வரும். படகின் அடிப்பாகமும் பாசியின்றிச் சுத்தமாக இருந்தாக வேண்டும். கரை சேர்வதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே வருகையை அறிவிக்க வேண்டும். ஓபுவாவில் சோதனை முடியும்வரை, கரையோடு தொடர்பில்லாத தனி மிதவைத்தட்டில்தான் கட்டி நிற்க வேண்டும். தீவு நாடு தன் மண்ணைக் காத்துக்கொள்வதில் எனக்கு முழு உடன்பாடுதான்; ஆனாலும் இரண்டாண்டாகச் சட்டியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியைப் பிரிவது எளிதாக இல்லை. அதைப் பிஜியின் நாந்தி ஊரில் ஓர் அம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். 1903-க்குப் பிறகு சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்தவர் அவர். சிவசுப்பிரமணியர் கோயிலில்தான் அறிமுகமானார். அடுத்த மே மாதம் திரும்பியபோது அந்தச் செடி என் தோளுயரம் வளர்ந்திருந்தது.

லங்காவியில் ஆண்டு முழுவதும் படகில் வாழ்கிறார்களே, அவர்களுக்கு இந்தக் கவலை இல்லையா? (வாசகர், கோலாலம்பூர்)

பெரும்பாலும் இல்லை. மலேசியாவின் லங்காவித் தீவு 6 பாகை வட அட்சத்தில் உள்ளது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் புவிச்சுழற்சியின் திருப்புவிசை மிகக் குறைவாதலால் புயல் சுழன்று உருவாவது அரிது. அரிது என்பதைக் கவனியுங்கள்: 2001 டிசம்பரில் வாமெய் புயல் வெறும் 1.4 பாகை வட அட்சத்தில் உருவாகி ஜொகூரில் கரை கடந்தது. பிஜியிலிருந்தும் சிலர் இதே காரணத்துக்காக 1,500 கடல்மைல் வடக்கே, மார்ஷல் தீவுகளில் உள்ள மாஜுரோவுக்குப் போகிறார்கள்.

இந்த ஆண்டு என்ன முடிவெடுத்தீர்கள்? (பலர்)

தெற்கே போகிறோம். படகின் அடிப்பாகத்தைச் சுரண்டியாயிற்று. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை என் கணவர் மேலேறி ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டார். காலை ஏழு மணிக்கு வானொலியில் துறையில் உள்ள படகுகள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லும் வழக்கம் உண்டு. ஆகஸ்டில் முப்பதுக்குமேல் குரல்கள் கேட்டன. இன்று காலை ஒன்பது. இதை எழுதும் இந்நேரம், ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையிலுள்ள தாஸ்மன் கடலில் ஒரு தாழ்வு ஆழமாகிக்கொண்டிருக்கிறது. அது நியூசிலாந்தைக் கடந்து போக ஐந்து நாளாவது ஆகும் என்று தோன்றுகிறது. அதுவரை இங்கேயே இருக்கிறோம்.