மறியலில் இருந்து வந்தவனுக்கு வேலை கொடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

பதின்ம வயதில் குற்றம் செய்தவர்களுக்கு ஆயுள் தண்டனை கூடாது என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. செத்தவரின் தாய்க்கு யார் பதில் சொல்வது?

இப்போது எழுதுவது இன்னொரு விஷயத்துக்காக. திருகோணமலைப் பாலையூற்றில் சின்னதாக ஒரு மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பொடியன் ஒருவன் 17 வயதில் திருவிழாச் சண்டையொன்றில் கத்தியால் குத்தி, ஒருவர் இறந்துபோனார். கைமோசக் கொலை, அதாவது கொலைக்குற்றத்திலும் குறைந்தது, என்று தீர்ப்பு. பன்னிரண்டு வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்து என்னிடம் வேலை கேட்கிறான். கை நன்றாக ஓடுகிறது. ஆனால் மனைவிக்குப் பயம். வாடிக்கையாளர்கள் என்ன சொல்வார்களோ என்று எனக்கும் யோசனை. என்ன செய்யலாம்?

பெயர் வேண்டாம், பாலையூற்று

அன்புள்ள நண்பருக்கு,

சேர்த்துக்கொள்ளுங்கள். காரணங்களை அப்புறம் பார்க்கலாம்.

செத்தவரின் தாயைப் பற்றி நீங்கள் கேட்டதை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. தண்டனையே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. ஒரு உயிர் போயிருக்கிறது, அதற்கு அவன் பொறுப்புச் சொல்லியே ஆகவேண்டும். நான் எதிர்ப்பது, 17 வயதில் ஒருவனைப் பற்றி எடுத்த முடிவை அவனுடைய முப்பதிலும் ஐம்பதிலும் யாரும் திரும்பத் திறந்து பார்க்காமல் விடுவதைத்தான். அந்தத் தாய்க்கு நாம் செய்யவேண்டியது வேறு. அவன் விடுதலையாகிறான் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது திடீரென்று அவன் முகத்தைக் காண்பது எவ்வளவு கொடுமை! உங்கள் பக்கத்தில் யாராவது அவருக்குச் சொன்னார்களா? இல்லையென்றால், அவர் மதிக்கும் ஒரு பெரியவர் மூலம் சொல்லிவிடுங்கள். சமாதானம் பேசவோ மன்னிப்புக் கேட்கவோ வேண்டாம். தெரிவித்தால் போதும்.

போன மாதம் நான் எழுதிய அமெரிக்க வழக்கு ஹென்றி மொன்ட்கோமரியுடையது. லூசியானா மாநிலத்தில் 1963இல் ஒரு பொலிஸ் அதிகாரியைச் சுட்டுக் கொன்றபோது அவருக்கு வயது 17. வெளியே வரவே முடியாத ஆயுள் தண்டனை விதித்தார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அப்படியான தண்டனையைக் கட்டாயமாக விதிக்கக்கூடாது என்று 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2016இல் அவருடைய வழக்கிலேயே தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும், கைதிகளை முன்கூட்டியே விடுவிப்பதா என்று தீர்மானிக்கும் பரோல் சபை இரண்டு தடவை மறுத்து, 2021 நவம்பரில்தான் வெளியே விட்டது. அப்போது அவருக்கு 75 வயது.

உங்கள் மனைவியின் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. அவருக்கு இதைச் சொல்லுங்கள்: பதின்ம வயதில் உள்ளே போய் ஆயுள் தண்டனை அனுபவித்து, இந்தத் தீர்ப்புகளால் வெளியே வந்த 174 பேரை பிலடெல்பியாவில் ஆராய்ந்து 2020இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களில் மறுபடி குற்றவாளியாகத் தீர்ப்புப் பெற்றவர்கள் ஏறக்குறைய ஒரு சதவீதம். 17 வயதில் கூட்டாளிகள் நடுவே ரோசத்தில் கத்தியை எடுத்தவனும், முப்பதில் உங்கள் கராஜ் வாசலில் வேலைக்கு நிற்பவனும் ஒரே ஆள் மாதிரி நடந்துகொள்வதில்லை. இது நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும்.

நம் நாட்டில் குற்றப் பொறுப்புக்கான வயதை 8இலிருந்து 12ஆக உயர்த்தியதே 2018இல்தான். சிறுவர், இளையோர் பற்றிய 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 16 வயதோடு நின்றிருந்தது, 17 வயதுக்காரனுக்கு அது இல்லை. 16 முதல் 22 வரையானவர்களுக்குப் பயிற்சிப் பாடசாலை என்று அதே வருடம் வேறொரு சட்டமும் வந்தது, ஆனால் உங்கள் பொடியன் போன பாதை அதுவல்ல. சிறுவரைச் சிறையில் அடைப்பது கடைசி வழியாக, மிகக் குறுகிய காலத்துக்கே இருக்கவேண்டும் என்று சொல்லும் ஐ.நா. சிறுவர் உரிமைகள் உடன்படிக்கையை இலங்கை 1991இலேயே ஏற்றுக்கொண்டது. அப்படியிருக்க, 18 வயதுக்கு முன் செய்த குற்றத்துக்கான எந்த நீண்ட தண்டனையிலும், இத்தனையாம் வருடம் இவனைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று ஒரு திகதி எழுதியிருக்க வேண்டும். அது இல்லாதவரை, அவன் இப்போது எப்படிப்பட்டவன் என்று கேட்கும் முதல் ஆளாக உங்களைப் போன்ற ஒரு கராஜ்காரர்தான் இருப்பார்.

வெளியே வந்தவனின் பாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நீண்டகாலத் தண்டனைக்காரரை வெலிக்கடை, மகர என்று கொழும்புப் பக்கத்துச் சிறைகளுக்கு அனுப்பிவிடுவார்கள். தாய்மார் இரவு ரெயிலில் கொழும்புக்குப் போய், சவர்க்காரமும் துவாயும் வைத்த பையோடு வரிசையில் நின்று, சில நிமிடம் முகம் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். சிலருக்கு அதுவும் இல்லை. ஒருநாள் கதவு திறக்கும். அடையாள அட்டை எடுக்கக் கிராம உத்தியோகத்தரிடம் போனால், வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று கேட்பார். இத்தனை வருடம் ஊரில் இல்லாதவனின் பெயர் எப்படி இருக்கும்? வெளிநாடு போகலாம் என்றால் பொலிஸ் நற்சான்று வேண்டும். 2022இன் பெற்றோல் வரிசையையோ கியூஆர் அட்டையையோ அவன் கண்டதில்லை. அவன் உள்ளே போகும்போது உங்கள் கராஜுக்கு வந்தவை பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டிகள். இப்போது வரும் ஸ்கூட்டர்களில் பலவற்றுக்கு இன்ஜெக்‌ஷன். கை ஓடினாலும், பழுதைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனரைப் பிடிக்க நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வேலைக்கு எடுத்தால் ஒழுங்காக எடுங்கள். மறியல்காரன்தானே, பாதிச் சம்பளம் போதும் என்று நினைப்பவர்களை நம் ஊரிலேயே தாராளமாகக் காணலாம். அது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். மற்றப் பொடியன்களுக்கு என்ன சம்பளமோ அதுவே இவனுக்கும். ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், அவனுடையது 8, ஈ.ரீ.எப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்களிடமிருந்து 3. பணப்பெட்டி விஷயத்திலும் மற்றவர்களுக்கு உள்ள விதிதான், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். வாடிக்கையாளர் யாராவது கேட்டால் மறைக்காதீர்கள், விளம்பரமும் செய்யாதீர்கள். "தண்டனையை முடித்துவிட்டு வந்திருக்கிறான், நல்லாய் வேலை செய்கிறான்" என்று ஒரு வரி சொன்னால் போதும். இரண்டொருவர் வேறு கராஜுக்குப் போகக்கூடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. கையில் தொழில் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்களைச் சோதித்து, அரசின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டா, என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கிறது. வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையைக் காட்டி எடுக்கலாம். நாளைக்கு உங்களிடமிருந்து விலகினாலும் அந்தத் தாள் அவன் கையில் இருக்கும். அதற்கு அவன் என்னென்ன வேலை செய்திருக்கிறான் என்று காட்டவேண்டி வரும். சேர்ந்த நாளிலிருந்தே ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள்: எந்த வண்டி, என்ன பழுது, எதை மாற்றினான் என்று.