உள்பையைப் புரட்டிப் பாருங்கள்: பழைய சூட் பற்றிக் கட்டிங் மாஸ்டர் பதில்கள்

ஹை ஸ்திரீட்டில் ஒரு தையல் கடையில் பையனாகச் சேர்ந்து, காஜா போட்டுப் பழகி, பிறகு கத்தரி பிடித்தவன் நான். கடை இன்று இல்லை, கத்தரி இருக்கிறது. பழைய கோட்டு, சூட் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தவற்றை எடுத்துக்கொண்டேன்.

ஈசூன் வாசகர்: மாஸ்டர், தாத்தாவின் கருநீலக் கோட்டு கிடைத்தது. லேபிளில் கடைப் பெயருக்குக் கீழே "ஹை ஸ்திரீட், சிங்கப்பூர் 6" என்று இருக்கிறது. லேப்பல் (நெஞ்சில் மடிந்து கிடக்கும் பட்டை) ஒல்லி என்பதால் 1960-கள் என்கிறான் நண்பன். சரியா?

சரியாக இருக்கலாம். ஆனால் லேப்பலைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் அந்த 6-ஐப் பாருங்கள். அஞ்சல் வட்டார எண் இங்கே 1950-இல் வந்தது. 1979-இல் நான்கு இலக்கம், 1995-இல் ஆறு இலக்கம் ஆனது. ஆகவே உங்கள் கோட்டு 1950-க்கு முந்தியதல்ல. 1979-க்குப் பிந்தியதல்ல என்ற மறு எல்லையை மட்டும் அவ்வளவு நம்பாதீர்கள். எங்கள் முதலாளி லேபிளை மொத்தமாக நெய்து வாங்கி வைப்பார். முகவரியே மாறினாலும் அது தீரும்வரை பழைய லேபிள்தான்.

அடுத்து இடப்பக்க உள்பையை வெளியே புரட்டுங்கள். அளவெடுத்துத் தைத்த கோட்டாக இருந்தால் பைக்குள் ஒரு துண்டு லேபிளில் பெயரும் தேதியும் மையால் எழுதியிருக்கலாம். லண்டன் சேவில் ரோ தையல்காரர்களின் வழக்கம் அது. நாங்களும் அதைப் பார்த்துச் செய்தோம். தேதி கிடைத்துவிட்டால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

கிடைக்காவிட்டால் சிலுவாரை, அதாவது கால்சட்டையை, பாருங்கள். முன்திறப்பில் பட்டனா, உலோக ஜிப்பா, நைலான் ஜிப்பா? நைலான் ஜிப் பரவலானது 1960-களுக்குப் பிறகுதான். ஆனால் ஜிப் அறுந்தால் மாற்றுவது சகஜம். அந்த இடத்துத் தையல் நூல் மற்ற இடத்து நூலோடு நிறத்திலும் பழமையிலும் ஒத்துப்போகிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இத்தனையும் பார்த்த பிறகு லேப்பலுக்கு வரலாம்.

பொங்கோல் வாசகர்: "1940-களின் அமெரிக்க சூட்" என்று இணையத்தில் 480 வெள்ளிக்கு வாங்கினேன். அகல லேப்பல். உள்ளே எப்படித் துவைப்பது என்று எழுதிய லேபிள்கூட இருக்கிறது.

தம்பி, அந்த லேபிள்தான் விற்றவரைக் காட்டிக்கொடுக்கிறது. ஆடையில் பராமரிப்புக் குறிப்பு தைத்திருக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1972-இல்தான் நடப்புக்கு வந்தது. 1940-களின் அகல லேப்பல் 1970-களில் திரும்பி வந்ததால் இந்த இரண்டு காலத்தையும் குழப்புவது எளிது, குழப்பி விற்பது அதைவிட எளிது.

உள்பைக்குள் தொழிற்சங்க லேபிள் இருக்கிறதா பாருங்கள். அதில் 1939, 1949, 1962 என்று ஏதாவது ஒரு ஆண்டு அச்சாகியிருக்கும். அது சூட் தைத்த ஆண்டு அல்ல, அந்த லேபிள் வடிவம் வந்த ஆண்டு. 1949 என்று இருந்தால் 1949 முதல் 1962 வரை எப்போது வேண்டுமானாலும் தைத்திருக்கலாம். பிரிட்டிஷ் துணி என்று யாராவது விற்க வந்தால் சிசி41 முத்திரையைத் தேடுங்கள். போர்க்காலச் சிக்கன உடைக்கு 1941-இல் வந்து 1952 வரை இருந்தது அது.

கீழ்ப்பட்டனுக்குப் பக்கத்தில் துணியை இரண்டு பக்கமும் கிள்ளிப் பிரித்தும் பாருங்கள். நடுவில் மூன்றாவது அடுக்கு ஒன்று தனியாக நழுவினால், கையால் தைத்துப் பிடித்த குதிரைமயிர்க் கேன்வாஸ். நழுவாமல் அட்டை மாதிரி விறைத்திருந்தால் சூடு வைத்து ஒட்டியது. ஒட்டியது நம் ஊர்ப் புழுக்கத்தில் குமிழ் விட்டுவிட்டால் என்னிடம் கொண்டுவர வேண்டாம். அதற்கு வைத்தியம் கிடையாது.

பிடோக் வாசகி: அப்பாவின் சூட் கம்பளியா, பாலியெஸ்டரா?

உள்தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள் அம்மா. முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியெஸ்டர். இரண்டும் நடந்தால் கலப்பு. பாலியெஸ்டரைப் பிரிட்டனில் கண்டுபிடித்தது 1941-இல், துணியாகக் கடைக்கு வந்தது 1950-களில். ஆகவே அந்த மணி ஆண்டையும் கொஞ்சம் சொல்லிவிடும். நூல்பந்து போன்ற வுல்மார்க் சின்னம் இருந்தால் 1964 அல்லது அதற்குப் பிந்தியது.

அங் மோ கியோ வாசகர்: அடுத்த மாதம் தங்கை கல்யாணம். சித்தப்பாவின் கோட்டைப் போட ஆசை. வயிற்றில் பிடிக்கிறது, தோள் ஒரு விரல் வெளியே தள்ளி நிற்கிறது.

வயிறு பிரச்சினையே இல்லை. பழைய தையல்காரர்கள் முதுகுத் தையலிலும் பக்கத் தையலிலும் துணியைத் தாராளமாக உள்ளே விட்டிருப்பார்கள். லைனிங்கைக் கொஞ்சம் பிரித்தால் தெரியும். ஒன்றரை அங்குலம்வரை பிரித்துவிடலாம். பழைய மடிப்புக்கோடு வெளுத்துத் தெரியுமா என்பதை மட்டும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

தோள்தான் சங்கடம். தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையைக் கழற்றி, கை நுழையும் வளைவை மறுபடி வெட்டி, காலரைத் தொட்டு... புதிதாக ஒன்று தைத்துவிடலாம். செலவும் அதற்கே ஆகும். கைப்பட்டன்கள் நிஜமாகவே கழற்றி மாட்டுபவையாக இருந்தால் கை நீளத்திலும் கை வைக்க முடியாது, காஜா வெட்டியாகிவிட்டது. நானாக இருந்தால் கல்யாணத்துக்கு வேறு கோட்டு போடுவேன். பிரித்துத்தான் பார்ப்பேன் என்றால் கோட்டு வெட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பிளவுஸ் தைப்பவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும், இது வேறு வேலை.

உட்லண்ட்ஸ் வாசகர்: வேட்டிக்கு மேல் பழைய சூட் கோட்டு போடலாமா? பாரதியார் போட்டிருக்கிறாரே!

அவர் போட்டது சூட்டின் கோட்டு அல்ல. வேட்டி மேல் போடும் கோட்டுக்கு வெட்டே வேறு. சூட் கோட்டை உயரமான இடுப்புள்ள சிலுவாரோடு சேர்த்துக் கணக்குப் போட்டு வெட்டுவோம். வேட்டி மடிப்பு மேல் அது குடை மாதிரி விரியும். தவிர, கோட்டை மட்டும் அடிக்கடி போட்டால் அது வெளுத்து, சிலுவாரோடு ஜோடி சேராமல் போகும்.

தெம்பனிஸ் வாசகி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அலமாரியில் பிளாஸ்டிக் உறையோடு தொங்கவிட்டிருந்தோம். வெள்ளைப் பூஞ்சை, கூடவே சின்னச் சின்ன ஓட்டைகள்.

சலவைக் கடை உறையை வீட்டுக்கு வந்த அன்றே கழற்றியிருக்க வேண்டும். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டது. வெளித் தாழ்வாரத்தில் வைத்து மென்மையான பிரஷ்ஷால் தட்டி, அரை மணி காலை வெயில் காட்டி, பிறகு டிரை கிளீனிங். வீட்டில் நனைக்கவே கூடாது. ஓட்டைக்குக் காரணம், நம் சுவர்களில் சுரைக்காய் விதை மாதிரி ஒட்டிக்கொண்டு நகருமே, கூட்டைச் சுமந்து திரியும் அந்தப் புழு. கம்பளி அதற்குச் சாப்பாடு. அலமாரியின் பின்சுவரைத் துடைத்துவிட்டு, கோட்டைப் பருத்தி உறையில் போடுங்கள்.

தோ பாயோ வாசகர்: சுங்கே ரோடு சந்தையில், அது 2017-இல் மூடுவதற்கு முன்பு வாங்கிய கோட்டு. உள்பையில் யாரோ ஒருவர் பெயர். பிரித்துவிடலாமா?

வேண்டாம். அந்தத் துண்டில்தான் தேதியும் இருக்கிறது.