ஸ்டார் வார்ஸ் முதல் படத்தில் பாலைவனத்தில் வரும் அழுக்கான ஸ்டார்ம்ட்ரூப்பர் (வெள்ளைக் கவச வீரர்) உடையை அச்சு அசலாகச் செய்வது எப்படி? அழுக்கை எப்படி ஏற்றுவது?

கேள்வி கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் கிட்டுக்கு (வெட்டி ஒட்ட வேண்டிய கவசத் துண்டுகளின் தொகுப்பு) பணம் கட்டியாயிற்று, நாலைந்து யூட்யூப் வீடியோவும் பார்த்தாயிற்று என்று தெரிகிறது. அந்த வீடியோக்களில் சில்வர் பெயின்ட்டை ஸ்பாஞ்சில் தொட்டு விளிம்பெல்லாம் ஒற்றுவார்களே, முதலில் அதை மறந்துவிடுங்கள்.

1977-இல் வந்த படத்தின் கவசம் வெள்ளை ஏபிஎஸ் (ஒரு வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) ஷீட்டைச் சூடாக்கி, அச்சின் மேல் காற்றை உறிஞ்சி வார்த்தது. மேலே பெயின்ட் கிடையாது. சுரண்டினால் உள்ளேயும் வெள்ளைதான் வரும். இல்லாத உலோகம் எப்படி எட்டிப் பார்க்கும்? சில்வர் பொருந்துகிற உடை வேறு. 1986-இல் வந்த ஏலியன்ஸ் படத்து மரீன் வீரர்களின் கவசத்தைக் கவசக் கலைஞர் டெர்ரி இங்கிலிஷ் நிஜ அலுமினியத்தில் அடித்துச் செய்தார். அதில் பச்சைப் பெயின்ட் உரிந்தால் பளபளக்கத்தான் செய்யும். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள்.

ஹெல்மெட் மட்டும் விதிவிலக்கு. பெரும்பாலான ஸ்டன்ட் ஹெல்மெட்கள் (கூட்டத்தில் வரும் வீரர்களுக்குச் செய்தவை) காக்கிச் சாயலுள்ள எச்டிபிஇ பிளாஸ்டிக்கில் வார்த்து வெள்ளை அடித்தவை. எச்டிபிஇயில் பெயின்ட் சரியாகப் பிடிக்காது, அதனால் அங்கங்கே உரியும். ஆகவே ஹெல்மெட்டின் விளிம்பில், காதுப் பக்கத்தில் நகக்கண் அளவுக்கு இரண்டு மூன்று இடத்தில் மந்தமான காக்கியை வைக்கலாம். மார்புத் தகட்டில் வைக்கக் கூடாது.

"சில்வர் வைத்தால் போட்டோவில் எடுப்பாக இருக்கிறதே" என்று யாராவது கீழே எழுதுவார்கள். இருக்கட்டும். சொந்தக் கற்பனையில் செய்பவர்கள் தங்கக் கலர்கூட அடிக்கலாம். கேள்வி படத்தில் உள்ளதைப் பற்றியது.

அடுத்தது, பொதுவாக 'ஒரு சாண்ட்ட்ரூப்பர்' (இந்தப் பாலைவன ஸ்டார்ம்ட்ரூப்பரின் பெயர்) என்று செய்யாதீர்கள். திரையில் வரும் ஒரு குறிப்பிட்ட ஆளைத் தேர்ந்தெடுங்கள். வலது தோளில் போடும் பட்டை ஆரஞ்சா, கறுப்பா, வெள்ளையா, முதுகுப் பை எப்படிப்பட்டது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து அழுக்கின் நிறத்தை எடுக்க வேண்டாம். 1997, 2004, 2011 பதிப்புகளில் நிறத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒன்றில் மஞ்சளாகத் தெரிகிற மண் இன்னொன்றில் சாம்பலாகத் தெரியும். 1976-இல் துனிசியாவில் படப்பிடிப்பின்போது எடுத்த ஸ்டில்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் நடுவான ஒரு நிறத்தைப் பிடியுங்கள்.

கட்டும் வேலைக்கு வருவோம். கிட் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஏபிஎஸ்ஸாக இருந்தால் நல்லது. நேர்கோடுகளைக் கத்தியால் இரண்டு மூன்று முறை கீறிவிட்டு மடக்கினால் தானாக முறியும். வளைவுகளுக்கு வளைந்த முனையுள்ள கத்தரி. ஒரே வெட்டில் அளவுக்குக் கொண்டுவராதீர்கள். கூடுதலாக விட்டு வெட்டி, உடம்பில் வைத்துப் பார்த்து, இரண்டு பக்கமும் சம அளவு குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரே பக்கம் குறைத்தால் கையின் நடுவே போக வேண்டிய இணைப்புக் கோடு ஓரமாக ஒதுங்கிவிடும், அப்புறம் அதை மறைக்க வழியில்லை.

இரண்டு பாதிகளையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டக் கூடாது. விளிம்போடு விளிம்பு சேர்த்து, மேலே ஏபிஎஸ்ஸில் வெட்டிய பட்டை ஒட்ட வேண்டும். பட்டையின் அகலம் கைக்கு 15 மில்லிமீட்டர், காலுக்கு முன்புறம் 20, பின்புறம் 25. உள்பக்கமும் ஒரு பட்டை கொடுத்தால்தான் உட்கார்ந்து எழும்போது விடாது. பசைக்கு இ-6000 போதும். மெல்லிசாகத் தடவி, கிளிப்பும் காந்தமும் வைத்து, ஒரு இணைப்புக்குக் குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். சூப்பர் குளூ உடனே பிடிக்கும், ஆனால் காய்ந்ததும் நொறுங்கும் தன்மை வந்துவிடும். ஒரு தட்டு பட்டால் தெறிக்கும். கூடவே சுற்றிலும் வெள்ளைப் பூஞ்சை மாதிரி ஒரு படலமும் விடும். இ-6000-இன் இன்னொரு வசதி, கோணல் ஆனால் இழுத்துப் பிரித்துவிடலாம்.

வெட்டி எறியும் ஏபிஎஸ் துண்டுகளைச் சேர்த்து வையுங்கள். கண்ணாடிப் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி ஊறவிட்டால் மறுநாள் டூத்பேஸ்ட் பதத்துக்கு வரும். விரிசலுக்கும் இடைவெளிக்கும் அதைவிடப் பொருத்தமான பட்டி கிடையாது, நிறமும் ஒத்துப்போகும். அதே அசிட்டோனைத் துணியில் நனைத்து மேல்பரப்பைத் துடைத்தீர்களோ, பளபளப்பு கரைந்து பிசுபிசுத்துப்போகும்.

தகடுகளைக் கோக்க நைலான் வார், எலாஸ்டிக், டிச் பட்டன். கெண்டைக்கால் தகடு பின்பக்கம் திறக்கிற மாதிரி வெல்க்ரோ. முதுகுப்பக்கம் இடுப்பில் தொங்கும் சாம்பல் உருளைக்கு 60 மில்லிமீட்டர் விட்டத்தில், சுமார் 19 சென்டிமீட்டர் நீளத்துக்கு பிவிசி பைப் வேண்டும். இங்கேதான் நம்ம ஊர் வேடிக்கை. கடையில் "2 இஞ்ச்" என்று கேட்டால் விவசாயத்துக்குப் போடும் சாம்பல் பைப்பை நீட்டுவார்கள். அதன் வெளிவிட்டம் 63. ஷெட்யூல் 40 என்று கேட்டால் வெள்ளை பிளம்பிங் பைப் வரும், அது 60.3. இரண்டுக்கும் பெயர் 2 இஞ்ச்தான். "அளந்து பார்க்கலாமா" என்று கேட்டால் ஏதோ கடனைத் திருப்பிக் கேட்ட மாதிரி முறைப்பார்கள். பைப் மட்டுமில்லை, போல்ட், வாஷர், பிளைவுட் எல்லாவற்றிலும் இதே கதை. கையோடு வெர்னியர் அளவுகோல் எடுத்துப் போங்கள். வெள்ளைப் பைப்பை வாங்கிச் சாம்பல் அடித்துக்கொள்வதுதான் சரி.

எல்லாத் தகடும் உடம்பில் சரியாக உட்கார்ந்த பிறகுதான் அழுக்கு வேலை. தனித்தனியாகத் தரையில் பரப்பி வைத்து அடிப்பதுதான் பலருடைய உடை பொம்மை மாதிரி தெரியக் காரணம். மார்பில் வழிந்த கறை வயிற்றுத் தகட்டில் தொடராமல் அங்கேயே அறுந்து நிற்கும். டம்மியில் மாட்டுங்கள், டம்மி இல்லையென்றால் போடும் நிலையிலேயே கயிற்றில் தொங்கவிடுங்கள்.

முதலில் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிக் காயவையுங்கள், கைப்பிசுக்கு போக வேண்டும். பிறகு பச்சை ஸ்க்ரப்பரால் லேசாகத் தேய்க்க வேண்டும். முழுக்கத் தேய்க்காதீர்கள், புழுதி தங்க வேண்டிய இடத்தில் மட்டும். முட்டி, கெண்டைக்காலின் முன்புறம், முன்கை, தகடுகளின் கீழ் விளிம்பு. மற்ற இடத்தில் பளபளப்பு மிச்சமிருக்கட்டும். வெள்ளையும் பளபளப்பும் கொஞ்சம் தெரிந்தால்தான் அழுக்கு அழுக்காகத் தெரியும்.

ஆர்ட் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் டியூபில் ரா அம்பர், பர்ன்ட் அம்பர் என்ற இரண்டு பழுப்புகள், துளி கறுப்பு. ஒரு பங்கு பெயின்ட்டுக்கு நாலைந்து பங்கு தண்ணீர், ஒரு சொட்டு சோப்பு. சோப்பு இல்லையென்றால் ஏபிஎஸ் மேல் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், படியாது. பிரஷ்ஷால் பூசி, ஓரங்கள் உலரத் தொடங்கும்போது ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். மடிப்பிலும் விளிம்பிலும் தங்குவது தங்கட்டும். நம்ம வெயிலில் சட்டென்று காய்ந்துவிடும் என்பதால் ஒரு தகட்டைப் பாதி பாதியாகச் செய்யுங்கள். இது காய்ந்த பின் மஞ்சள் ஓக்கர் கலந்த, இன்னும் நீர்த்த இரண்டாவது பூச்சு, ஒன்றுக்குப் பத்து. இதை முட்டிக்குக் கீழே கூடுதலாகவும் மேலே போகப் போகக் குறைத்தும் கொடுக்க வேண்டும்.

எங்கே அழுக்கு இருக்கக் கூடாது என்பதையும் பார்க்க வேண்டும். தோளில் போடும் பட்டைக்கு அடியில் மண் அதிகம் போகாது. பையின் வார் உரசும் கோட்டில் அழுக்கு துடைபட்டிருக்கும், ஆனால் வாரின் இரு ஓரத்திலும் கோடு மாதிரி சேர்ந்திருக்கும். துப்பாக்கி உறை தட்டும் தொடைப் பக்கம் தேய்ந்து மழமழவென்று இருக்கும். இந்த மூன்றையும் செய்தால் உடையை யாரோ மாதக்கணக்கில் போட்டு நடந்த தோற்றம் வந்துவிடும். தோளில் போடும் பட்டை, பவுச், வார் இவற்றையும் அதே கலவையில் அழுக்காக்குங்கள். கவசம் பாலைவனத்திலும் பவுச் ஷோரூமிலும் இருந்தால் பல்லிளிக்கும்.

மேலே தூவும் புழுதிக்கு சினிமாக்காரர்கள் பயன்படுத்தும் ஃபுல்லர்ஸ் எர்த் எங்கே கிடைக்கும் என்று தேட வேண்டாம். அது முல்தானி மட்டிதான், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். உலர்ந்த பிரஷ்ஷால் மடிப்புகளில் ஒற்றி, மேட் கிளியர் ஸ்ப்ரேயை (பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சு) 25–30 சென்டிமீட்டர் தள்ளி நின்று மெல்லிசாக இரண்டு முறை அடியுங்கள். கிளியர் படும்போது பொடி பாதி மறைந்துவிடும், அதனால் தேவைக்கு மேலேயே போடுங்கள். சில ஸ்ப்ரேக்களின் கரைப்பான் ஏபிஎஸ்ஸில் மயிரிழை விரிசல் விடும், முதலில் ஒரு கழிவுத் துண்டில் பாருங்கள். மழை நாளிலோ கடற்கரைப் பக்கத்துப் புழுக்கத்திலோ அடித்தால் கிளியர் பால் மாதிரி வெளுத்துப்போகும். காய்ந்த நாளில், வெயில் ஏறிய பிறகு அடியுங்கள்.

501-வது லீஜியனில் (ஸ்டார் வார்ஸ் உடை ரசிகர்களின் சங்கம்) சேரும் எண்ணம் இருந்தால் அவர்கள் தளத்தில் உள்ள உடை விதிகளை வெட்டும் முன்பே படித்துவிடுங்கள். நான் சொன்ன அளவுகளில் ஒன்றிரண்டு அங்கே வேறாக இருந்தால் அவர்கள் சொல்வதே செல்லும், இங்கே வந்து சண்டை போட வேண்டாம்.

துப்பாக்கி படத்தில் நிஜ ஸ்டெர்லிங் சப்-மெஷின் கன்னின் மேல் உதிரிகளை ஒட்டியது. 3டி பிரின்ட் எடுத்தாலும் பார்வைக்கு நிஜம்போலவே இருக்கும். ஆரஞ்சு முனை மாட்டி, பைக்குள் வைத்துக் கொண்டுபோய் அரங்குக்குள் மட்டும் எடுங்கள். கவசத்தை வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், தொடைத் தகடு கோணிக்கொள்ளும்.