சர்வரின் வாயை அடைத்தது யார்?

கேள்வி: எங்கள் ஓப்பன்எல்டேப் டைரக்டரியில் (பணியாளர் விவரங்களை வைத்துத் தரும் சர்வரில்) சுமார் 400 பணியாளர்கள். ஜாவாவில் தேடி, குடும்பப்பெயர் (எஸ்என்) வாரியாக சர்வரே அடுக்கித் தரும்படி சார்ட் கன்ட்ரோல் அனுப்புகிறேன். முதலில் கிரிட்டிகல் (கட்டாயம்) என்று வைத்தேன், 12 என்று பிழை வந்தது. நான்கிரிட்டிகல் ஆக்கியதும் போய்விட்டது. பழைய ஆட்கள் ஒழுங்காக வருகிறார்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் கடைசியில் கலந்து கிடக்கிறார்கள். இப்போதைக்குத் திரையில் அடுக்கிக்கொள்ளும்படி ஜூனியர் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். பத்து நாளாக வீடு திரும்ப நள்ளிரவாகிறது. எங்கே தவறு?

பதில்: தவறு எங்கே என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், போகிற போக்கில். '12 வந்தது, நான்கிரிட்டிகல் ஆக்கியதும் போய்விட்டது.' எங்கே போனது? அடுப்பில் தீய்கிறது என்று வந்து சொன்ன பிள்ளையை 'வாயை மூடு' என்று அதட்டியிருக்கிறீர்கள். பிள்ளை அடங்கிவிட்டது, பாத்திரம் தீய்ந்துகொண்டிருக்கிறது.

டைரக்டரியோடு பேசும் நெறிமுறையான எல்டேப்பில் 12 என்றால், 'நீங்கள் கட்டாயம் என்று கேட்ட வசதியை என்னால் தர முடியாது' என்று அர்த்தம். நான்கிரிட்டிகல் என்றால், 'முடிந்தால் செய், இல்லையேல் விட்டுவிடு'. உங்கள் சர்வர் விட்டுவிட்டது. ஒருநாள்கூட அது எதையும் அடுக்கவில்லை. பழைய ஆட்கள் ஒழுங்காக வருவதற்குக் காரணம், தொடக்கத்தில் யாரோ அகரவரிசைப் பட்டியல் ஒன்றை ஏற்றியிருப்பார்கள். பெரும்பாலும் பதிவுகள் சேர்ந்த வரிசையிலேயே வெளியே வருகின்றன. பிறகு சேர்ந்தவர்கள் வாலில் நிற்கிறார்கள். இதைப் பாதி வேலை செய்கிற சார்ட் என்று நினைத்துத்தான் பத்து இரவுகளைத் தொலைத்தீர்கள்.

முதலில் கிரிட்டிகலைத் திரும்ப வையுங்கள். ஜாவாவின் டைரக்டரி நூலகமான ஜேஎன்டிஐயில் ஆபரேஷன்நாட்சப்போர்ட்டெட்எக்ஸெப்ஷன் வந்து விழும். விழட்டும். அடுத்து, சர்வருக்கு இந்த வித்தை தெரியுமா என்று அதனிடமே கேளுங்கள்: டிஎன்னை (தேடலின் தொடக்க முகவரியை) வெறுமையாக விட்டு, ஸ்கோப்பை (தேடும் எல்லையை) பேஸ் என்று வைத்து, சப்போர்ட்டெட்கன்ட்ரோல் என்ற பண்பைக் கேட்டுத் தேடினால் எண்களின் பட்டியல் வரும். அதில் சார்ட் கன்ட்ரோலின் எண்ணான 1.2.840.113556.1.4.473 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் கோடில் என்ன மாற்றினாலும் பயனில்லை. எஸ்எஸ்எஸ்விஎல்வி என்கிற ஓவர்லேயை (அடுக்கும் வசதி தரும் கூடுதல் பகுதியை) அந்த டேட்டாபேஸுக்குச் சேர்க்கும்படி அட்மினிடம் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியலைக் கேட்டுப் பார்ப்பது ஒரு நிமிட வேலை, முதல் நாளே செய்திருக்கலாம்.

ஓவர்லே வந்த பிறகும் எஸ்என் உங்களை இன்னொரு முறை கவிழ்க்கும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2000இல் வந்த ஆர்எஃப்சி 2891 என்ற தரநிலை ஆவணத்தின்படி, எந்த விதியால் ஒப்பிடுவது என்று நீங்கள் சொல்லாவிட்டால், ஸ்கீமாவில் (பண்புகளின் விதித் தொகுப்பில்) அந்தப் பண்புக்கு எழுதியிருக்கும் வரிசை விதியை சர்வர் எடுத்துக்கொள்ளும். எஸ்என்னுக்கு நிலையான ஸ்கீமாவில் சமமா என்று பார்க்கும் விதி உண்டு, சொல்லின் துண்டைத் தேடும் விதி உண்டு. எது முன், எது பின் என்று சொல்லும் விதி கிடையாது. அதனால் சர்வர் 18 என்ற பிழையோடு மறுக்கும். விதியை நீங்களே கொடுங்கள்: கேஸ்இக்னோர்ஆர்டரிங்மேட்ச், அதன் எண் 2.5.13.3. ஜாவாவில் பண்பின் பெயரை மட்டும் கொடுக்கும் சார்ட்கன்ட்ரோல் இதற்குப் போதாது. பெயர், ஏறுவரிசைக்கு ட்ரூ, விதியின் பெயர் என மூன்றையும் வாங்கும் சார்ட்கீ ஒன்றை உருவாக்கி, அதை சார்ட்கன்ட்ரோலுக்குள் வையுங்கள்.

சர்வரின் பதிலையும் படியுங்கள். அடுக்கியதா இல்லையா என்று சர்வர் 474இல் முடியும் எண்ணுள்ள கன்ட்ரோலில் சொல்கிறது, அதுவும் கடைசி முடிவுச் செய்தியோடுதான் வரும். முடிவுகளை முழுக்க ஓட்டி முடிக்காமல் கெட்ரெஸ்பான்ஸ்கன்ட்ரோல்ஸை அழைத்தால் கையில் ஒன்றும் இருக்காது. ஓட்டி முடித்த பிறகும் நல் (null, வெறுமை) வந்தால், உங்கள் கோரிக்கையை யாரும் கண்டுகொள்ளவில்லை.

இன்னும் நூறு பேர் சேர்ந்தால் வேறொரு தலைவலி காத்திருக்கிறது. ஓப்பன்எல்டேப்பின் இயல்பான வரம்பு 500 பதிவுகள்; தாண்டினால் 4 என்ற பிழை. பக்கம் பக்கமாக வாங்கினாலும் இயல்பாக இந்த வரம்பு மொத்தத்துக்கும் பொருந்தும், அட்மின்தான் அதை உயர்த்த வேண்டும். உயர்த்திய பிறகு பக்கம் பக்கமாக வாங்குவீர்கள். அப்போது செட்ரெக்வெஸ்ட்கன்ட்ரோல்ஸ் பழைய பட்டியலைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கும் என்பதை மறக்காதீர்கள். இரண்டாம் பக்கத்துக்குக் குக்கீயோடு (முந்தைய பக்கம் எங்கே நின்றது என்று சர்வர் தந்த அடையாளத்தோடு) பேஜ் கன்ட்ரோலை மட்டும் வைத்தால் சார்ட் காணாமல் போய்விடும். ஒவ்வொரு முறையும் இரண்டையும் சேர்த்தே வையுங்கள்.

அட்மின் ஓவர்லே போட மாட்டேன் என்றால்? 400 பெயர்களை ஜாவாவிலேயே அடுக்குவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. ஆனால் அதை உங்கள் கோடில், எல்லாப் பதிவுகளும் வந்து சேர்ந்த பிறகு, நீங்கள் செய்ய வேண்டும். திரையில் ஒட்டுப் போடும் வேலையை ஜூனியர் தலையில் கட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. வயதில் மூத்தவன் உடைத்ததை இளையவள் கூட்டிப் பெருக்குவது வீட்டிலேயே முறையில்லை, அலுவலகத்தில் எப்படி முறையாகும்? சர்வர் அடுக்கவில்லை என்கிற விஷயத்தைக்கூட அவரிடம் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

நாளை காலை அவரை உட்காரவைத்து, 12 வந்ததையும் நீங்கள் அதை மறைத்ததையும் சொல்லுங்கள். உங்கள் பக்கம் சரியானதும் அவருடைய ஒட்டை நீங்களே நீக்குங்கள். இன்று இரவு செய்யவேண்டியது அந்த ஒரு தேடல்தான். 473 இல்லையென்றால் அட்மினுக்கு ஒரு மெயில் போட்டுவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் வீடு போய்ச் சேருங்கள்.