ஹைலாண்ட் அவென்யூவில் ஒரு சங்கக் கட்டடம்

தம்பி, கான்சாஸ் சிட்டிக்கு வந்து மூன்று மாதமாகிறது, ஜாஸ் இசைக்குப் பேர்போன, 18-வது தெருவும் வைன் தெருவும் சேரும் பகுதிக்கு இரவில் போகாதே என்று அலுவலகத்தில் பயமுறுத்துகிறார்கள், போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். பதினாறு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். அந்தப் பேச்சைக் கேட்டு மூன்று வருஷம் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஜாஸ் அருங்காட்சியகத்தைப் பகலில் பார்த்துவிடுங்கள். இரவில் போக வேண்டியது ஹைலாண்ட் அவென்யூ, எண் 1823. சின்ன மாடிக் கட்டடம். கறுப்பின இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கமான லோக்கல் 627, அதாவது 627-ஆம் எண் கிளை, அங்கேதான் இருந்தது.

தனிச் சங்கம் எதற்கு? அமெரிக்க இசைக்கலைஞர் கூட்டமைப்பு ஒன்றுதான். ஆனால் பல ஊர்களில் அதன் கிளைகள் நிறத்தால் பிரிந்திருந்தன. சிகாகோவில் 1902-லேயே கறுப்பர்களுக்கு 208-ஆம் எண் கிளை. இங்கே வெள்ளையருக்கு 34, கறுப்பருக்கு 1917-இல் வந்த 627. இருவரும் சந்தா கட்டினார்கள். பெரிய ஹோட்டல், வானொலி என்று நல்ல சம்பளம் வரும் வேலைகளோ பெரும்பாலும் வெள்ளையர் கிளைக்கே போயின. ஜாஸ் குழுத் தலைவர்களான கவுண்ட் பேஸியும் பென்னி மோட்டனும் 627-இன் ஆட்கள் என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

இருந்தாலும் அந்தக் கட்டடம் அவர்களுடையது. கூலிப் பேச்சு, ஒத்திகை, கிளப்பில் வாசித்து முடித்தபின் விடிய விடியச் சேர்ந்து வாசிப்பது, எல்லாம் அங்கேதான்.

அப்புறம் கறுப்பர், வெள்ளையர் கிளைகள் இணைந்தன. லாஸ் ஏஞ்சல்ஸில் பட்டி கொலெட், மார்ல் யங் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் போராடி 1953-இல் சாதித்தார்கள். இங்கே 1970 ஆயிற்று. இணைப்பு நியாயமானதுதான். ஆனால் இணைந்த கிளையில் கறுப்பர்கள் சிறுபான்மை. தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் பலம் போயிற்று. சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் உறுப்பினராக இருந்த பிலடெல்பியாவின் கறுப்பர் கிளை 274 இணைய மறுத்து, 1971-இல் அங்கீகாரத்தையே இழந்தது. அவர்கள் பிடிவாதத்தை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

இங்கே கட்டடத்தை மட்டும் விடவில்லை. உறுப்பினர்கள் அறக்கட்டளையாக அதைக் காப்பாற்றினார்கள். 1981-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

வார இறுதியில் நள்ளிரவு தாண்டித்தான் வாசிப்பு களைகட்டும். கிளம்புமுன் நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் முதன்முதலில் போனபோது வாசலில் தயங்கி நின்றேன். சாக்ஸபோனைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், ஒன்றும் கேட்காமல், பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பெட்டியை எடுத்துக் கீழே வைத்தார்.