மேடையில் கதை சொல்லும் குழந்தைகள்: வாசகர் கேள்வி பதில்

கோயில் விழா, மீலாது விழா, ஞாயிறு பள்ளி, பள்ளி ஆண்டு விழா என்று குழந்தைகள் அடியார்கள், தலைவர்கள் கதைகளைச் சொல்லும் மேடைகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கண்ணப்ப நாயனார் கதையை 3 நிமிடத்தில் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். தனியாக இருந்தால் கடகடவென்று ஒப்பிக்கிறாள். எதிரில் யாராவது உட்கார்ந்தால் நாலாவது வரியில் நின்றுவிடுகிறாள். பிறகு முதல் வரியிலிருந்துதான் தொடங்க வருகிறது. என்ன செய்வது?
– வாசகி, மதுரை

எழுதிக் கொடுத்த தாளை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். மனப்பாடம் செய்த குழந்தைக்கு ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைப் பிடித்துக்கொண்டுதான் வரும். நடுவில் ஒரு சொல் நழுவினால் அடுத்தது வராது. அதனால்தான் உங்கள் மகள் முதலுக்கே போகிறாள். அடுத்து என்ன நடந்தது என்று தெரிந்த குழந்தை, ஒரு சொல் மறந்தாலும் வேறு சொல்லைப் போட்டுக் கடந்துவிடும்.

இந்தக் கதை அவள் வயதுக்கு ஆறு காட்சியாகப் பிரியும். ஒன்று, வேடர் தலைவன் நாகனின் மகன் திண்ணன் முதன்முதலாக வேட்டைக்குப் போய், ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டு காளத்தி மலைப் பக்கம் வருகிறான். இரண்டு, மலைமேல் இருக்கும் சிவலிங்கத்தைப் பார்த்து, ‘காட்டில் இப்படித் தனியாக, பசியோடு இருக்கிறாரே’ என்று உருகுகிறான். மூன்று, சிவனுக்குப் படைக்க வாயில் தண்ணீர், தலைமுடியில் பூ, இலையில் சுட்ட இறைச்சி, கையில் வில் என்று வருகிறான். நான்கு, பூசை செய்யும் சிவகோசரியார் இறைச்சியைக் கண்டு பதறுகிறார்; இறைவன் கனவில் வந்து ‘மறைந்து நின்று பார்’ என்கிறார். ஐந்து, லிங்கத்தின் வலக்கண்ணில் ரத்தம். பச்சிலை வைத்தும் நிற்கவில்லை. திண்ணன் தன் கண்ணையே எடுத்து அப்புகிறான். ஆறு, இப்போது இடக்கண்ணிலும் ரத்தம். இன்னொரு கண்ணையும் எடுத்துவிட்டால் இடம் தெரியாதே என்று, அடையாளத்துக்குக் காலை ஊன்றிக்கொண்டு அம்பை எடுக்கிறான். இறைவன் ‘நில்லு கண்ணப்ப’ என்று கை நீட்டித் தடுக்கிறார்; திண்ணன் கண்ணப்பன் ஆகிறான்.

நோட்டுத் தாள் இரண்டை நான்கு நான்காகக் கிழித்தால் ஒரு காட்சிக்கு ஒரு துண்டு கிடைக்கும். படத்தை அவளே வரையட்டும். குச்சி மனிதர்கள் போதும். நீங்கள் வரைந்து கொடுத்தால் அது உங்கள் கதையாகவே இருக்கும்.

பத்து நாள் இருந்தால் தாராளம். முதல் இரண்டு நாள் தாள் இல்லாமல் நீங்கள் சொல்லுங்கள், அவள் கேட்கட்டும். மூன்றாம் நாள் படம். அடுத்த மூன்று நாள் துண்டுகளைத் தரையில் வரிசையாக வைத்துக்கொண்டு அவள் சொல்லட்டும். நடுவில் திருத்தாதீர்கள். முடித்த பிறகு ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள். ஏழாம் நாள் மிக முக்கியமான பயிற்சி: துண்டுகளைக் கலைத்து ஒன்றை உருவி, ‘இங்கேயிருந்து சொல்லு’ என்று கேளுங்கள். நான்காவது காட்சியிலிருந்து தயங்காமல் தொடங்க வந்துவிட்டால் மேடையில் எங்கே தடுமாறினாலும் மீண்டுவிடுவாள். கடைசி மூன்று நாள் துண்டுகள் இல்லாமல், நின்றுகொண்டு, வீட்டார் அல்லாத ஒருவரையாவது எதிரில் உட்கார வைத்துச் சொல்லட்டும்.

சொல் மாறாமல் மனப்பாடம் செய்ய வேண்டியவை மூன்றே இடங்கள்: முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், இறைவன் சொல்லும் ‘நில்லு கண்ணப்ப’. இதைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் மூன்று முறை சொல்வதாகவே பாடியிருக்கிறார். குழந்தையும் மூன்று முறை, ஒன்றுக்கொன்று குரலை உயர்த்திச் சொல்லலாம்.

இந்த வயதில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எழுபது, எண்பது சொல்தான் வரும். 3 நிமிடத்துக்கு 220 சொல்லுக்கு மேல் கொடுத்தால் ஓட்டமாக ஓட வேண்டியிருக்கும். வீட்டில் இரண்டரை நிமிடத்தில் முடியும்படி பழக்குங்கள். மேடைக்கு நடந்து வந்து மூச்சு வாங்க மிச்ச அரை நிமிடம் வேண்டும். குழந்தைகள் பெரும்பாலும் பன்றி வேட்டையிலேயே பாதி நேரத்தைச் செலவழித்துவிட்டுக் கண்ணுக்கு வரும்போது மணி அடிக்கக் கேட்பார்கள். முதல் இரண்டு காட்சிக்கும் சேர்த்து அரை நிமிடம் போதும். சிவகோசரியாரை இரண்டு வாக்கியத்தில் முடிக்கலாம், ஆனால் விட்டுவிடக் கூடாது. இறைச்சி வைத்த வேடனின் அன்பு எப்படிப்பட்டது என்று காட்டுவதற்காகவே அவரை மறைந்து நிற்கச் சொல்கிறார் இறைவன். அவர் இல்லாவிட்டால் கதையின் முதுகெலும்பு போய்விடும்.

எந்தக் கண் முதலில் என்பதையும் சரியாகச் சொல்லிக் கொடுங்கள். பல மேடைகளில் மாற்றிச் சொல்கிறார்கள். பெரியபுராணத்தில் முதலில் வலக்கண், பிறகு இடக்கண். காலை ஊன்றும் இடத்துக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்தி, ‘ரெண்டு கண்ணும் போயிட்டா எங்கே வைக்கணும்னு எப்படித் தெரியும்?’ என்று அவள் சபையைப் பார்த்துக் கேட்கட்டும். முன்வரிசைக் குழந்தைகள் கட்டாயம் பதில் சொல்வார்கள்.

கண்ணைத் தோண்டுவது, பிள்ளைக்கறி, சிலுவை, தூக்கு. இதெல்லாம் சின்னக் குழந்தைகள் சொல்லலாமா?
– வாசகர், நாகர்கோவில்

எட்டு வயது வரை செயலைச் சொன்னால் போதும், உடலை விவரிக்க வேண்டாம். ‘தன் கண்ணையே எடுத்து வைத்தார்’ என்பதோடு நிறுத்தலாம். ரத்தம் பீறிட்டதையும் வலியையும் நடித்துக் காட்ட வேண்டாம். நிஜ அம்பு, குச்சி, பென்சில் எதையும் கண் பக்கம் கொண்டுபோக விடாதீர்கள். வெறுங்கையை நெஞ்சருகே கொண்டு வந்தாலே சபைக்குப் புரியும்.

சிறுத்தொண்டர் கதையைப் பன்னிரண்டு வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்பதே எங்கள் முடிவான கருத்து. பெற்றோரே பிள்ளையை அரிந்து சமைக்கும் கதையைக் கேட்கும் சிறு குழந்தை முதலில் தன் அம்மா அப்பாவைத்தான் நினைத்துக்கொள்ளும். அந்த வயதுக்குத் திருநின்றவூர்ப் பூசலார் கதை அருமையாகப் பொருந்தும். கையில் காசில்லாத அவர் மனத்துக்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டுகிறார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னனின் கனவில் இறைவன் வந்து, ‘நாளை பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் குடமுழுக்கை வேறு நாளில் வைத்துக்கொள்’ என்கிறார். அடித்தளம், சுவர், விமானம், குளம் என்று ஒவ்வொன்றாக எழுப்புவதைக் குழந்தைகள் கையால் காட்டி மகிழ்ந்து சொல்வார்கள்.

இயேசுவின் கதையில் சிலுவையோடு நிறுத்தாதீர்கள், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தது வரை போக வேண்டும்.

குழந்தை ‘நானும் கண்ணைக் கொடுக்கணுமா?’ என்று கேட்டால் மழுப்பாதீர்கள். ‘வேண்டாம், சாமியே நில்லுன்னு சொல்லிக் கையைப் பிடிச்சிட்டாரே’ என்று சொல்லுங்கள். கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது.

ஐந்தாம் வகுப்புப் பையனுக்குக் கட்டபொம்மன் கதை. ‘வரி, வட்டி, கிஸ்தி’ வசனத்தைச் சொல்லாவிட்டால் கைதட்டல் கிடைக்காது என்கிறான்.
– வாசகர், கோவில்பட்டி

அது 1959-இல் வந்த திரைப்படத்தின் வசனம். மாறுவேடப் போட்டி என்றால் தாராளமாகப் பேசட்டும். கதை சொல்லும் போட்டியில் அதை மட்டும் பேசிவிட்டு இறங்கினால், நடந்தது என்ன என்பது கடைசி வரை வராது. போட்டி எது என்று அமைப்பாளர்களிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மையில் நடந்ததே போதுமான விறுவிறுப்புள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கலெக்டர் ஜாக்சன் கட்டபொம்மனை வரச் சொல்கிறார். கட்டபொம்மன் தேடிப் போகும் ஊர்களில் எல்லாம் சந்திக்காமல் அலைய விடுகிறார். கடைசியில் 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் சந்திப்பு. அங்கே கைகலப்பு மூண்டு, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்படுகிறார், கட்டபொம்மன் தப்புகிறார். 1799 செப்டம்பர் 5-இல் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்குகிறார். அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கு. அலைய விட்ட அவமானத்தை நன்றாகச் சொன்னால் ராமநாதபுரத்துக் கோபம் தானாக வந்து நிற்கும். அந்த இடத்தில் பையனுக்குக் கத்த வேண்டிய தேவையே இருக்காது.

இன்னொன்றைத் திருத்துங்கள். ‘எட்டப்பன் காட்டிக் கொடுத்தான்’ என்று ஒரே வரியில் முடிப்பது வழக்கமாகிவிட்டது. எட்டப்பன் என்பது எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டம். அந்தப் பாளையம் கம்பெனியின் பக்கம் நின்றது உண்மை. ஆனால் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் தரப்பு. வகுப்பில் எட்டயபுரத்துப் பிள்ளை உட்கார்ந்திருந்தால் இந்த ஒரு வரி அந்தக் குழந்தையை எப்படிக் குத்தும் என்றும் யோசியுங்கள்.

மீலாது விழாவில் என் பேத்தி கதை சொல்ல வேண்டும். வேடம் போடலாமா? நபியின் மேல் குப்பை கொட்டிய மூதாட்டி கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.
– வாசகி, காயல்பட்டினம்

வேடம் வேண்டாம். நபிமார்களை நடித்துக் காட்டுவதில்லை என்பது இஸ்லாமிய மரபு. நபித்தோழர்களுக்கும் வேடம் கூடாது என்பதே ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பலரின் கருத்து. பேத்தி தானாகவே நின்று, ‘நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள்’ என்று படர்க்கையில் சொல்லட்டும். குரலையும் மாற்ற வேண்டாம். ஸலவாத்தை (நபியின் பெயரோடு சொல்லும் வாழ்த்தை) விழுங்காமல் முழுதாகச் சொல்லப் பழக்குங்கள். வேகத்தில் முதலில் தேய்வது அதுதான்.

மூதாட்டி கதை ஊரெங்கும் பரவியிருந்தாலும் நம்பத்தகுந்த ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளில் அதற்கு ஆதாரம் இல்லை. அதற்குப் பதில், புகாரி தொகுப்பில் உள்ள தாகித்த நாயின் செய்தியைக் கொடுங்கள். வழிப்போக்கர் ஒருவர் கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடித்து மேலே வருகிறார். தாகத்தில் ஈர மண்ணை நக்கும் நாயைப் பார்க்கிறார். மறுபடி இறங்கி, தோல் காலுறையில் நீரை நிரப்பி, அதை வாயால் கவ்விக்கொண்டு ஏறி வந்து நாய்க்குப் புகட்டுகிறார். அல்லாஹ் அவரை மன்னித்துவிட்டான். வாயால் கவ்வியது ஏன் என்பதை விட்டுவிடக் கூடாது: ஏறுவதற்கு இரண்டு கையும் வேண்டும். அந்த ஒரு விவரத்தில் குழந்தைகள் கிணற்றையே பார்த்துவிடுவார்கள்.

ஞாயிறு பள்ளியில் நல்ல சமாரியன் கதையை எங்கள் பிள்ளைகள் எத்தனை முறை சொன்னாலும் ‘அடிபட்டவருக்கு உதவ வேண்டும்’ என்ற அளவிலேயே நிற்கிறது.
– ஆசிரியை, தூத்துக்குடி

யூதருக்கும் சமாரியருக்கும் பகை இருந்ததை முதலிலேயே சொல்லாததுதான் காரணம். அது தெரியாத சபைக்கு உதவ மூன்றாவதாக வரும் சமாரியர் வெறும் நல்ல மனிதர். தெரிந்த சபைக்கு அவர் வரக்கூடாத ஆள். ‘இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசக்கூட மாட்டார்கள்’ என்று தொடக்கத்தில் ஒரு வாக்கியம் போதும். அடிபட்டவரைப் பார்த்தும் ஆசாரியனும் லேவியனும் (இருவரும் யூதக் கோயில் பணியாளர்கள்) விலகிப் போகும் இரண்டு இடத்தையும் ஒரே மாதிரி சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவது முறை மாறும்போது சபை நிமிரும். எண்ணெய், திராட்சரசம், சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு பணம் ஆகியவை லூக்காவில் உள்ளவை, விட வேண்டாம். இது உவமை என்பதால் பிள்ளைகள் பாத்திரம் ஏற்று நடிக்கலாம். அடிபட்டவராகப் படுப்பதற்குப் பொறுமையான பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள்.

பாரதியார் யானை மிதித்து இறந்தார் என்று என் மகன் முடிக்கிறான். சரியா?
– வாசகர், சேலம்

சரியில்லை. 1921-இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. அதிலிருந்து தேறி, ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய்ப் பேசியிருக்கிறார். அந்த ஆண்டு செப்டம்பரில் வயிற்றுக் கடுப்பு கண்டு மறைந்தார். மகன் கருங்கல்பாளையத்தைச் சேர்த்துக்கொண்டாலே பிழை தானாக நீங்கிவிடும்.

குருபூசைக்கு ஆறுமுக நாவலர் பற்றி மகன் பேச வேண்டும். ஆண்டுகளும் நூற்பெயர்களுமாக இருக்கிறது. கதையாக வரவில்லை.
– வாசகி, யாழ்ப்பாணம்

முழு வாழ்க்கையை 4 நிமிடத்தில் அடக்கப் பார்த்தால் பட்டியல்தான் வரும். ஒரு காலத்தை மட்டும் எடுங்கள். படிக்க வேண்டுமென்றால் மிஷன் பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும் என்றிருந்த நாளில், தாமே அப்படியொரு பள்ளியில் படித்து, பார்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்க உதவியவர், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்குகிறார். மகனுக்குப் பள்ளிக்கூடம் தெரியும், அதனால் இது அவனுக்குச் சொல்ல வரும். 1822 பிறப்பு, 1879 மறைவு இரண்டும் கடைசியில் ஒரே வாக்கியத்தில் வந்தால் போதும்.

டொரன்டோவில் பிறந்த என் மகளுக்குத் தமிழ் கொஞ்சம்தான். தில்லையாடி வள்ளியம்மை கதையைச் சொல்ல ஆசைப்படுகிறாள்.
– வாசகர், கனடா

நல்ல தேர்வு. வள்ளியம்மையும் வெளிநாட்டில், 1898-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். தில்லையாடி அவர் குடும்பத்தின் ஊர். பல மேடைகளில் அவர் அங்கே வளர்ந்ததாகவே சொல்லிவிடுகிறார்கள். காந்தியின் போராட்டத்தில் சேர்ந்து சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-இல், பதினாறு வயதில் இறந்தார். சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டதற்கு, இப்போதும் போகத் தயார் என்று அவர் சொன்னதைக் காந்தியே எழுதியிருக்கிறார். உங்கள் மகள் வளர்க்க வேண்டிய காட்சி இந்த உரையாடல்தான்.

முதலில் அவளுக்கு வரும் மொழியில் முழுதாகச் சொல்லட்டும். கதை கைக்கு வந்த பிறகு வினைச்சொற்களை மட்டும் தமிழில் கொடுங்கள்: பிறந்தார், நடந்தார், கேட்டார், சொன்னார், மறுத்தார். இவற்றைச் சுற்றிச் சிறு வாக்கியங்களாக அவளே கட்டிக்கொள்வாள். எட்டுச் சொல்லுக்கு மேல் போகும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். ‘சத்தியாக்கிரகம்’ போன்ற ஒன்றிரண்டு கடினமான சொற்களைத் தாளமிட்டுப் பழக்கினால் நாக்கு தடுக்காது. உச்சரிப்பு பிசகினால் மேடையில் நீங்கள் கீழேயிருந்து வாயசைக்காதீர்கள். அவள் கண் உங்கள் மேலேயே நின்றுவிடும்.

மைக் பிடிப்பதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?
– வாசகர், திருச்சி

ஸ்டாண்டைக் குழந்தையின் தாடை உயரத்துக்கு இறக்கி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பெரியவர் பேசி முடித்த உயரத்திலேயே விட்டால் குழந்தை அண்ணாந்து பேசும், குரல் எட்டாது. கையில் பிடிக்கும் மைக்கைச் சிறு குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். கதையில் கை உயரும்போது மைக்கும் சேர்ந்து போய்விடும். ஒட்டு மீசை, கிரீடம் இருந்தால் முதல் நாளே அவற்றோடு ஒரு முறை முழுக்கதையும் சொல்லட்டும்.