அரசு சாரா அமைப்புகளால் சமூகத்திலும் அரசியலிலும் என்ன மாற்றத்தைக் கொண்டுவர முடியும்?

அரசின் அங்கமாக இல்லாமல், லாப நோக்கமும் இல்லாமல், ஒரு பொதுக் காரியத்துக்காக மக்கள் சேர்ந்து நடத்துவதே அரசு சாரா அமைப்பு. சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்குக் கிடையாது. பிறகு எப்படி மாற்றம் வருகிறது?

பஸ்ஸை ஓட்டுபவர் ஓட்டுநர்தான். ஆனால் பின்படியில் ஒருவர் தடுமாறுவது அவர் கண்ணுக்குத் தெரியாது. அருகில் நிற்பவர்தான் குரல் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் இவ்வமைப்புகளின் பலம்.

கண்ணிவெடியை எடுத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும், வயலுக்குப் போகிறவரின் காலை அது பறித்துவிடும். கால் இழந்தோருக்குச் செயற்கைக் கால் பொருத்திவந்த அமைப்பு ஒன்றும் மனித உரிமை அமைப்புகளும் உட்பட ஆறு அமைப்புகள் 1992இல் கைகோத்தன. பொருத்தப் பொருத்தப் புதியவர்கள் வந்துகொண்டே இருந்தால், வெடியையே தடை செய்யச் சொல்வதுதானே முறை? சேவை அரசியலாக மாறுவது இந்த இடத்தில்தான். 1997 டிசம்பரில் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் 122 நாடுகள் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசும் இந்த இயக்கத்துக்கும் அதன் ஒருங்கிணைப்பாளருக்கும் கிடைத்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா இன்னும் சேரவில்லை. குரல் கொடுக்கலாம், பிரேக்கை மிதிக்க முடியாது.

நன்கொடையாளர் விருப்பத்துக்கு ஏற்ப வளையும் அமைப்புகளும் உண்டு. கணக்கைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

‘அரசு சாரா’ என்றால் ‘அரசுக்கு எதிரான’ என்று பலர் நினைக்கிறார்கள். அரசிடமே நிதி பெற்று அதனுடன் இணைந்து வேலை செய்யும் அமைப்புகளும் ஏராளம்.